செக், ஸ்லோவாக் பேட்டை உணவகத்தில் சாப்பிடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிராக் நகரின் பழைய சதுக்கத்தைச் சுற்றியுள்ள உணவகங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. டிராமில் நாலைந்து நிறுத்தம் தள்ளி, ஜிஷ்கோவ், வர்ஷோவிட்சே மாதிரியான குடியிருப்புப் பேட்டைகளில், பத்துப் பன்னிரண்டு மேசை போட்டு, மரப்பலகை அடித்த சுவரோடு இருக்குமே, அந்தச் சின்ன உணவகங்களுக்கானது இது. வேலைக்கோ படிப்புக்கோ ஊர் சுற்றவோ அங்கே போகும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்தான் எல்லாம்.

செக் சாப்பாடு, ஸ்லோவாக் சாப்பாடு இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. ஆனால் ஒரே மெனுவில் இரண்டும் இருக்கும். 1918 முதல் 1992 முடிய, நடுவில் உலகப் போர் ஆண்டுகள் போக, இரண்டும் ஒரே நாடு. 1993 ஜனவரி 1 அன்று சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தார்கள். நாடு பிரிந்தாலும் அடுப்படி பிரியவில்லை. பிராக்கில் ஸ்லோவாக்கியரின் ஹலுஷ்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டை கிடைக்கும். ஸ்லோவாக் தலைநகரான பிராட்டிஸ்லாவாவில் செக்கியரின் ஸ்வீச்கோவா என்ற கிரீம் சாஸ் மாட்டிறைச்சி கிடைக்கும்.

வேறுபாடு எங்கே என்றால், செக் பகுதி வியன்னாவோடு ஒட்டி வளர்ந்தது, ஸ்லோவாக் பகுதி பல நூற்றாண்டுகள் ஹங்கேரி அரசின் கீழ் இருந்தது. அதனால் செக் சமையலில் மாவுக் கொழுக்கட்டையும் கிரீம் சாஸும் தூக்கல். ஸ்லோவாக் சமையலில் உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் சீஸ், புளித்த முட்டைக்கோஸ், மிளகாய்ப் பொடி தூக்கல்.

'ஹோஸ்போதா' என்று போர்டு போட்டிருக்கிறது. அது பாரா, ஹோட்டலா? குடும்பத்தோடு போகலாமா?

இரண்டும்தான். பீர் ஊற்றும் இடம், சாப்பாடும் உண்டு. மதியத்தில் ஆபீஸ் ஆட்கள், தாத்தா பாட்டிகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் அம்மாக்கள் என்று எல்லாரும் வருவார்கள். நம் ஊர் டாஸ்மாக் பார் ஞாபகத்தில் தயங்க வேண்டியதில்லை. 2017 மே 31 முதல் செக் உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை, ஆகவே பழைய புகைமூட்டமும் போய்விட்டது. குழந்தைகளுக்குச் சின்ன அளவு கேட்டால் பல இடங்களில் தருவார்கள். பக்கத்து மேசைக்கு அடியில் ஒரு நாய் படுத்திருந்தால் பதறாதீர்கள். நாயை உணவகத்துக்குக் கூட்டி வருவது அங்கே சர்வ சாதாரணம், சர்வரே தண்ணீர்க் கிண்ணம் கொண்டுவந்து வைப்பார்.

எந்த நேரத்துக்குப் போவது நல்லது?

மதியம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வார நாட்களில் காலை 11 மணியிலிருந்து 2 மணி வரை 'தென்யீ மெனு', அதாவது அன்றைய மதியச் சாப்பாடு போடுவார்கள். ஒரு சூப், நாலைந்து சாதங்களில் ஒன்று என்று கணக்கு. (சாதம் என்று சொன்னது பழக்கதோஷம், தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அதே தட்டு ராத்திரியில் நன்றாகவே விலை கூடியிருக்கும். கம்பெனிகள் ஊழியர்களுக்குச் சாப்பாட்டு வவுச்சர் கொடுக்கும் வழக்கம் இரண்டு நாட்டிலும் உண்டு. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் மதிய மெனுவே ஓடுகிறது.

பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். ஒரு மணிக்குப் போனால் பலகையில் பாதி அயிட்டத்தை அடித்திருப்பார்கள், நல்ல அயிட்டம்தான் முதலில் தீரும். ராத்திரி போவதானால் சமையலறை எத்தனை மணிவரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பீர் நள்ளிரவு வரை ஓடும், அடுப்பை ஒன்பது பத்து மணிக்கே அணைத்துவிடுவார்கள்.

உள்ளே போனதும் எங்கே உட்காருவது?

நுழையும்போதே 'டோப்ரீ டென்' என்று வணக்கம் சொல்லிவிடுங்கள். பொதுவாகச் சொன்னால் போதும், யாரைப் பார்த்தும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் நுழைகிறவர்களை அங்கே மரியாதை தெரியாதவர்கள் என்று நினைப்பார்கள். அப்புறம் காலி மேசை பார்த்து உட்காரலாம். 'ரெசெர்வே' என்று சீட்டு வைத்த மேசையைத் தொடாதீர்கள். சீட்டு இல்லாவிட்டாலும், பீர் குழாய்க்குப் பக்கத்து மேசையில் கை வைக்கும் முன் சர்வரைப் பாருங்கள். அது பெரும்பாலும் அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்களுடைய இடம். ஷ்டம்காஸ்ட் என்பார்கள் அவர்களை. வருஷக்கணக்காக அதே நாற்காலி, அதே பீர்.

இடமே இல்லையா? பாதி காலியாக உள்ள மேசையில் 'யே து வோல்னோ?', அதாவது இங்கே காலியா என்று கேட்டுவிட்டு உட்காரலாம். தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்வதில் அங்கே கூச்சம் இல்லை. உட்கார்ந்ததும் பேச்சுக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதல் தடவை போகிறேன். ஒரே ஒரு தட்டு சாப்பிடலாம் என்றால் எது?

மாட்டிறைச்சி சாப்பிடுவீர்கள் என்றால் 'ஸ்வீச்கோவா ந ஸ்மெதானே'. கேரட், செலரிக்கிழங்கு, பார்ஸ்லிவேர், வெங்காயம் எல்லாவற்றையும் நிதானமாக வதக்கி, பிரிஞ்சி இலை, மிளகு, ஆல்ஸ்பைஸ் போட்டு, மாட்டிறைச்சியோடு மெல்ல வேகவைப்பார்கள். இறைச்சி வெந்ததும் எடுத்து வைத்துவிட்டு, காய்களை அரைத்து வடிகட்டி, கிரீம் சேர்த்தால் சாஸ் தயார். பொன்னிறமாக, கரண்டியின் முதுகில் படியும் பதத்தில் இருக்கவேண்டும்.

தட்டு வந்ததும் ஒரு நிமிஷம் பாருங்கள். சாஸ் குளமாக நிற்கும். நடுவில் இரண்டு துண்டு இறைச்சி, ஓரத்தில் க்னெட்லீக் என்ற, வட்ட வட்டமாக வெட்டிய மாவுக் கொழுக்கட்டை நாலைந்து. இறைச்சிமேல் ஒரு எலுமிச்சை வில்லை, அந்த வில்லைமேல் ஒரு கரண்டி கிரான்பெர்ரி ஜாம், பக்கத்தில் அடித்த கிரீம். இறைச்சிமேல் ஜாமா என்று முகம் சுளிக்க வேண்டாம். சாஸில் லேசான இனிப்பும் புளிப்பும் ஏற்கெனவே இருக்கிறது, ஜாம் அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். அந்த அடித்த கிரீம் தேவையா இல்லையா என்பதில் செக் மக்களுக்குள்ளேயே சண்டை உண்டு. தேவையில்லை என்பது என் கட்சி.

இன்னொன்று. இந்தச் சமையலில் சமையல்காரரின் கை தெரிவது சாஸில்தான், இறைச்சியில் இல்லை. இறைச்சி அளவில் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். சாஸ் மாவு வாசம் அடித்தாலோ, கட்டி தட்டியிருந்தாலோ, அந்தக் கடைக்கு மறுபடி போகவேண்டாம். சாஸ் நன்றாக இருந்தால் மெனுவில் மற்றதையும் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் செய்யலாம். தக்காளி சாஸ், சதகுப்பைக் கீரை (டில்) போட்ட கிரீம் சாஸ் என்று இந்தக் குடும்பம் பெரியது.

மாடு வேண்டாம், பன்றி சாப்பிடுவேன் என்பவர்களுக்கு 'வெப்ரோ க்னெட்லோ செலோ'. வறுத்த பன்றி, கொழுக்கட்டை, வதக்கிய முட்டைக்கோஸ். பெயரிலேயே மூன்றும் வரிசையாக இருக்கிறது.

க்னெட்லீக் என்பது இட்லி மாதிரியா?

படத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் கேட்பது இது. குழம்பை உறிஞ்சிக் கொடுக்கிற வேலையில் இட்லியேதான். செய்முறையில் சம்பந்தம் கிடையாது. கொரகொரப்பான கோதுமை மாவு, பால், முட்டை, ஈஸ்ட், அதோடு காய்ந்த ரொட்டித் துண்டுகள் சேர்த்துப் பிசைந்து, நீள உருளையாகப் பிடித்து வேகவைப்பார்கள். வெந்ததும் வீடுகளில் கத்தியை எடுக்கமாட்டார்கள். நூலை அடியில் கொடுத்து மேலே இழுத்து வெட்டுவார்கள், கத்தி வைத்தால் அமுங்கிவிடும் என்று. உருளைக்கிழங்கில் செய்யும் வகையும் உண்டு, அது கொஞ்சம் வழவழப்பு, வாத்துக்கறிக்கு நல்ல ஜோடி.

கையால் பிட்டுச் சாப்பிடாதீர்கள். முள்கரண்டியில் குத்தி, சாஸில் புரட்டி, தட்டைத் துடைத்துச் சாப்பிடுவதுதான் முறை. தட்டு துடைத்தாற்போல் திரும்பிப் போனால் சமையலறைக்குச் சந்தோஷம்.

ப்ரின்ட்ஸோவே ஹலுஷ்கியை எல்லாரும் சொல்கிறார்களே?

ஸ்லோவாக்கியாவின் தேசிய உணவு என்றே சொல்வார்கள். பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, மாவில் பிசைந்து, பெரிய துளை போட்ட தட்டில் தேய்த்துக் கொதிக்கும் தண்ணீரில் விழவிடுவார்கள். மேலே மிதந்து வந்தால் வெந்துவிட்டது. அள்ளி எடுத்து ப்ரின்ட்சா என்ற ஆட்டுப்பால் சீஸில் புரட்டி, மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளை, அந்த உருகிய கொழுப்போடு ஊற்றிக் கொடுப்பார்கள்.

ப்ரின்ட்சா புளிப்பும் உப்புமாக, கொஞ்சம் காட்டமாக இருக்கும். 'ஸ்லோவென்ஸ்கா ப்ரின்ட்சா'வுக்கு 2008-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் போட வேண்டுமானால் பாதிக்கு மேல் செம்மறியாட்டுப் பால் சீஸ் இருந்தாக வேண்டும். மே மாதத்து ப்ரின்ட்சாதான் உசத்தி என்பார்கள், மலையில் புதுப்புல் மேய்ந்த ஆட்டுப் பால் என்பதால். கூடவே ஜிஞ்சிட்சா என்று சீஸ் எடுத்த பின் மிஞ்சும் ஆட்டுப்பால் நீரைப் புளிக்கவைத்துக் குவளையில் கொடுக்கும் கடைகள் உண்டு. மோர் குடித்துப் பழகியவர்களுக்குச் சிரமம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை: பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும், பாதியிலேயே வயிறு நிறைந்துவிடும். இருவர் போனால் ஒன்று வாங்கிப் பகிருங்கள். ப்ரின்ட்சா பிடிக்காதவர்களுக்கு, அதே ஹலுஷ்கியைப் புளித்த முட்டைக்கோஸில் புரட்டிய 'ஸ்ட்ரபாச்கி' இருக்கிறது.

சூப் கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் விடாதீர்கள். பூண்டு சூப்பான செஸ்னெச்கா குளிருக்கும் ஜலதோஷத்துக்கும் கைகண்ட மருந்து என்று அங்கே ஒரு நம்பிக்கை, முந்தின ராத்திரிப் போதைக்கும் அதுதான். உருளைக்கிழங்கு, காளான், சதகுப்பைக் கீரை, கிரீம், மேலே ஒரு முட்டை போட்ட குலைடா, செக் நாட்டின் தெற்கு பொஹிமியாப் பகுதியின் சூப். எனக்குப் பிடித்தது அது. ஸ்லோவாக் பக்கம் கபுஸ்த்னிட்சா: புளித்த முட்டைக்கோஸ், காளான், சாசேஜ். கிறிஸ்துமஸ் சூப் என்றாலும் குளிர்காலம் முழுக்கக் கிடைக்கும். 'த்ரிஷ்கோவா' என்று இருந்தால் அது குடல் சூப், நம்மில் சிலருக்கு அதற்காகவே போகத் தோன்றும்.

நான் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் விசாரிக்காமல் சாப்பிட முடியாது. மெனுவில் 'பெஸ்மசா யீட்லா' என்று ஒரு பகுதி இருக்கும். இறைச்சி இல்லாத உணவுகள் என்று பொருள். இறைச்சித் துண்டு இல்லை என்பதற்குத்தான் அது உத்தரவாதம். பன்றிக்கொழுப்பில் வதக்கவில்லை, எலும்புச் சாற்றில் கொதிக்கவைக்கவில்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முட்டையும் பாலும் சாப்பிடுவீர்கள் என்றால் நிறைய இருக்கிறது. 'ஸ்மஜெனீ சீர்', அதாவது தடிமனான சீஸ் துண்டை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது, எல்லாக் கடையிலும் உண்டு. உருளைக்கிழங்கும் டார்ட்டர் சாஸும் கூட வரும். ஆறினால் ரப்பர், வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். காலிஃபிளவரையும் அதே மாதிரி பொரிப்பார்கள். 'ப்ரம்போராக்' பூண்டும் மார்ஜோரம் என்ற மூலிகையும் போட்ட உருளைக்கிழங்கு அடை. 'சோச்கா ந கிசெலோ' வினிகர் விட்ட பயறுக் கூட்டு, மேலே முட்டை. நாளைக்கு இரண்டு வேளை பருப்பு சாப்பிட்ட நாக்குக்கு அது ஒரு ஆறுதல். ஆனால் சில கடையில் சாசேஜையும் கூட வைத்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லுங்கள். ஹலுஷ்கியை 'பெஸ் ஸ்லனினி' என்று கேட்டால் கொழுப்புத் துண்டு போடாமல் தருவார்கள்.

முட்டையும் வேண்டாம் என்பவர்கள் க்னெட்லீக், பொரித்த அயிட்டங்கள் எல்லாவற்றையும் விலக்க வேண்டியிருக்கும். வதக்கிய முட்டைக்கோஸில் பன்றிக்கொழுப்பு, காய்கறி சூப்பில் எலும்புச் சாறு, இந்த இரண்டையும் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். பொரிக்கும் எண்ணெய் பொதுவானதாகவே இருக்கும். இவ்வளவு கட்டுப்பாடு உள்ளவர்களுக்குப் பேட்டை உணவகம் சரிப்படாது என்பதுதான் உண்மை. பிராக்கில் தனிச் சைவ உணவகங்கள் நிறையவே இருக்கின்றன, அங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம்.

மாடு அல்லது பன்றி சாப்பிடமாட்டேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

செக்கில் மாடு 'ஹோவியெஸீ', பன்றி 'வெப்ரோவே', கோழி 'குர்ஷெட்ஸீ'. ஸ்லோவாக்கில் மாடு 'ஹோவெட்ஸியே', பன்றி 'ப்ரவ்சோவே', கோழி 'குரட்ஸியே'. 'கஹ்னா' வாத்து. 'குலாஷ்' என்று மட்டும் போட்டிருந்தால் மாடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம், கேட்டே ஆகவேண்டும். 'சாத்லோ' என்ற சொல்லையும் மனதில் வையுங்கள், சமையலுக்கு எடுக்கும் கொழுப்பு, பெரும்பாலும் பன்றியுடையது. கோழிக்கறியும் அதில் வதங்கியிருக்கலாம். ஹலால் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடைகள் பொருந்தாது.

மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் 1, 3, 7, 9 என்று எண்கள் இருக்கின்றனவே?

ஒவ்வாமை எண்கள். ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலில் 14 பொருட்கள் உண்டு. 1 என்றால் கோதுமை போன்ற குளுட்டன் தானியம், 3 முட்டை, 7 பால், 9 செலரி, 10 கடுகு. முட்டை சாப்பிடாதவர்களுக்கு 3 என்ற எண் சர்வரைவிட நம்பகமான துணை. பெயருக்கு முன்னால் '150 கி' என்று இருப்பது இறைச்சியின் பச்சை எடை, வெந்தால் குறையும். ஒவ்வொரு உணவும் இத்தனை கிராம் என்று அரசே நிர்ணயித்த சோஷலிசக் காலத்தின் வழக்கம் மெனு அட்டையில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காரம் இருக்குமா?

இருக்காது. பூண்டு, சீரகத்தைப் போலவே இருக்கும் கராவே விதை, மார்ஜோரம் இவைதான் வாசனைக்கு. உறைப்பு வேண்டுமானால் குதிரைமுள்ளங்கித் துருவலும் கடுகும் கேளுங்கள். முட்டிக்கால் பன்றிக்கறியோடு அவை தானாகவே வரும். அந்த முட்டிக்கால் எலும்போடு சேர்த்து ஒரு கிலோ வரை இருக்கும், தனியாள் வேலை இல்லை.

பீர் பெயருக்குப் பக்கத்தில் 10, 12 என்று இருக்கிறதே, அது ஆல்கஹால் சதவீதமா?

இல்லை. பயப்படாதீர்கள். காய்ச்சும்போது மால்ட்டிலிருந்து கரைந்துவந்த சத்தின் அளவு அது. 10 என்றால் ஆல்கஹால் ஏறக்குறைய 4 சதவீதம், 12 என்றால் 5-ஐ ஒட்டி. உலகமெங்கும் ஓடுகிற பொன்னிற லாகர் பீர் 1842-இல் ப்ல்சென் நகரில் பிறந்தது. அங்கே பீர் என்றாலே அரை லிட்டர். நுரை அதிகமாக இருக்கிறதென்று புகார் சொல்லாதீர்கள். கண்ணாடிக் கோப்பையில் அளவுக்கோடு போட்டிருக்கும், நுரை அதற்கு மேலே நிற்கவேண்டியதுதான். கண்ணாடியைத் தட்டும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து, செக்கில் 'நஸ்த்ராவீ', ஸ்லோவாக்கில் 'நஸ்த்ராவியே'.

நான் கேட்காமலேயே சர்வர் இரண்டாவது பீரைக் கொண்டுவந்துவிட்டார்!

பழைய பாணிக் கடைகளில் அப்படித்தான். குடித்து முடித்தால் அடுத்தது வரும். போதும் என்றால் கண்ணாடி வைக்கும் அட்டையை எடுத்துக் கண்ணாடிமேல் மூடிவிடுங்கள், வாயாலும் சொல்லிவிடுங்கள். மேசையில் ஒரு நீளத் துண்டுக் காகிதம் இருக்கும், ஒவ்வொரு பீருக்கும் அதில் ஒரு பேனாக் கோடு விழும். அதுதான் உங்கள் கணக்கு. அதில் கிறுக்கவோ, கசக்கவோ, குழந்தை கையில் கொடுக்கவோ கூடாது.

வண்டி ஓட்டுபவர்கள் தொடவே வேண்டாம். இரண்டு நாட்டிலும் ஓட்டுநருக்கு அனுமதி சுழியம். ஒரு கண்ணாடி கூடக் கூடாது.

குடிக்காதவர்களுக்கு என்ன?

கோஃபோலா. 1960-இல் செக்கோஸ்லோவாக்கியா சொந்தமாக விற்பனைக்குக் கொண்டுவந்த கோலா. மூலிகை வாசத்தோடு, இனிப்பு குறைவாக இருக்கும். பாட்டிலில் வாங்காமல் குழாயில் பிடித்ததைக் கேளுங்கள், ருசியே வேறு. ஆல்கஹால் இல்லாத பீரும் குழாயில் கிடைக்கும். குடிதண்ணீர் இலவசமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், குழாய்த் தண்ணீர் ஜாடிக்கே காசு வாங்கும் கடைகள் உண்டு.

சர்வர் ஏன் சிரிக்கவே மாட்டேன் என்கிறார்?

உங்கள்மேல் கோபமில்லை. முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு வேலை பார்க்கும் பழக்கம் அங்கே இல்லை. சொன்னதைச் சரியாகக் கொண்டுவருகிறாரா என்று மட்டும் பாருங்கள். மூன்றாவது முறை அதே கடைக்குப் போனால் தலையை ஆட்டுவார். அது பெரிய அங்கீகாரம்.

பில், டிப்ஸ் எப்படி?

கேட்டால்தான் பில் வரும். 'ஸப்லாத்தீம்' என்றால் போதும். சேர்த்தா, தனித்தனியாகவா என்று கேட்பார். தனித்தனி என்றால் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று அவரவரே சொல்ல வேண்டும். டிப்ஸை மேசையில் விட்டுவிட்டு வரும் வழக்கம் குறைவு. பணம் கொடுக்கும்போதே மொத்தத் தொகையைச் சொல்லவேண்டும்: பில் 364 கொருனா என்றால் '400' என்று சொல்லி நோட்டை நீட்டுங்கள். கார்டு என்றாலும் மிஷினில் தட்டுமுன் சொல்லிவிடுங்கள். சேவை சுமார் என்றால் பக்கத்துப் பத்துக்கு முழுதாக்கினால் போதும். ஸ்லோவாக்கியாவில் 2009 முதல் யூரோ, செக்கில் இன்னமும் கொருனா. பேட்டைக் கடைக்குக் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொண்டு போவது நல்லது.

இனிப்பு?

பழக் கொழுக்கட்டையைத் தேடுங்கள். உள்ளே ப்ளம், ஆப்ரிகாட் அல்லது ஸ்ட்ராபெர்ரி, மேலே உருகிய வெண்ணெய், சர்க்கரை, துருவிய பாலாடைக்கட்டி. வேடிக்கை என்னவென்றால் அதை அங்கே மதியச் சாப்பாடாகவே சாப்பிடுவார்கள், ஆகவே முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்டர் செய்தால் திணறிப் போவீர்கள். கசகசாத் தூளும் சர்க்கரையும் தூவிய ஸ்லோவாக் உருளைக்கிழங்கு 'ஷூல்யன்ட்ஸே'யும் அப்படித்தான். இரண்டும் சைவர்களுக்குக் கைகொடுக்கும், முட்டை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் போனால் விசேஷம்?

நவம்பர். 11-ஆம் தேதி புனித மார்ட்டின் நாள், அதை ஒட்டிப் பேட்டைக்குப் பேட்டை வாத்தின் அண்ணனான பெருவாத்து வறுப்பார்கள். சிவப்பு முட்டைக்கோஸ், கொழுக்கட்டை துணைக்கு. முன்பதிவு இல்லாமல் கிடைக்காது. ஸ்லோவாக்கியாவில் பிராட்டிஸ்லாவாவுக்குப் பக்கத்திலுள்ள ஸ்லோவென்ஸ்கீ க்ரோப் கிராமம் இதற்கே பேர்போனது, அங்கே லோக்ஷே என்ற மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டியோடு தருவார்கள்.

அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே இப்படி ஏதாவது உண்டா?

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், அஸ்டோரியாவில் 'பொஹீமியன் ஹால்' இருக்கிறது. குடியேறிய செக், ஸ்லோவாக் மக்களின் சங்கம் 1910-இல் கட்டியது. பின்னால் மரநிழலில் பீர்த் தோட்டம், வெயில்காலத்தில் கூட்டம் அலைமோதும். சிகாகோ பக்கம் இருந்தால் சிசரோ, பெர்வின் இரண்டும் பழைய செக் குடியிருப்புகள். அந்த வழியே ஓடும் செர்மாக் சாலைக்கு, பொஹிமியாவில் பிறந்து 1931-இல் சிகாகோ மேயரான ஆன்டன் செர்மாக்கின் பெயர்தான். எந்த ஊரானாலும் மேலே சொன்ன சோதனை செல்லும்: முதலில் ஸ்வீச்கோவா, அதிலும் சாஸ்.